உப்பளத்துக்கு வந்து உப்பைப் பற்றிப் பேசுவாரா?

மரக்காணத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் போகிறவர்களுக்கு அனுமந்தை என்றால் சுங்கச்சாவடிதான் ஞாபகத்துக்கு வரும். அதற்கு முன்னால் மரக்காணம் அருகே வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் உப்பைப் பார்த்துச் சிலர் காரை ஓரம்கட்டி ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். உப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களை போட்டோவுக்குள் வராமல் நகரச் சொல்கிறவர்களும் உண்டு.

இந்தக் கரையில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து பேர். பாதிப் பேர் உப்பளத்துக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் மீன் விற்கிறவர்கள். நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவார்கள். ஒருவர் ஜெபக்கூட்டத்துக்குப் போவார். மற்றவர்கள் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். குழுவின் ஆண்டு விழாவுக்கு யாராவது நன்றாகப் பேசுகிறவரைக் கூப்பிடலாம் என்று பேச்சு எழுகிறது. ஒருவருடைய மகன் செல்போனை நீட்டுகிறான். கிறிஸ்தவ ஊக்கப் பேச்சாளர் ஒருவரின் மூன்று நிமிட வீடியோ. சிரிக்க வைக்கிறார், அழ வைக்கிறார், கடைசியில் எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். “இவரையே கூப்பிடலாம்க்கா” என்று முடிவாகிவிடுகிறது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கும். வீடியோவில் கைதட்டியவர்கள் வேறு ஊர்க்காரர்கள். ஏசி மண்டபத்தில் காலை பத்து மணிக்குச் சாவகாசமாக வந்து உட்கார்ந்தவர்கள். அனுமந்தையில் உட்காரப் போகிறவர்கள் விடியும் முன்பே எழுந்து, வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி, உப்பை வாரிக் கரையேற்றிவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள். காலில் உப்புக் கடித்த புண் இருக்கும். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போயிருக்கும். அவர்களிடம், “அதிகாலையில் எழுகிறவனே வாழ்க்கையில் ஜெயிக்கிறான்” என்று ஒருவர் மைக்கில் முழங்கினால் என்ன ஆகும்? சிரிக்கக்கூட மாட்டார்கள். மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

உப்பளத்துக்கு வரும் கிறிஸ்தவப் பேச்சாளர் வேறு எதைச் சொல்கிறாரோ இல்லையோ, உப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்வார். மலைப்பொழிவில் சீடர்களை உலகத்துக்கு உப்பு என்று இயேசு ஒப்பிட்ட இடம் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வரும். சாரம் போன உப்பு எதற்கும் உதவாது என்பது அதன் அடுத்த பாதி. வண்டியில் வரும்போதே உப்புக் குவியலைப் பார்த்திருப்பார், “ஆஹா, இன்றைக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது” என்று மனதுக்குள் குறித்துக்கொண்டிருப்பார்.

கேட்கிறவர்களுக்கு உப்பைப் பற்றி அவரைவிட நிறையத் தெரியும் என்பதுதான் சங்கடம். கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய மூன்றரை சதவீதம்தான். அந்த நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி பாய்ச்சி, வெயிலில் சுண்டவிட்டுச் சுண்டவிட்டு, போமி மானியில் 25 டிகிரி அளவுக்கு வந்தால்தான் சமையலுக்கு ஆகும் உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் அடியில் தங்கிவிடும். 30 டிகிரியை நெருங்கினால் மக்னீசியம் கூடிக் கசக்கும்; அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். முன்னே பின்னே ஆனால் சரக்கு கெட்டது. இதையெல்லாம் நிறத்தைப் பார்த்தும் நாக்கில் வைத்தும் சொல்லிவிடக்கூடியவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். சுத்தமான உப்புக்கு உவர்ப்பு போகாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். உப்பே கரைந்து போகும், சுவை மட்டும் தனியாகக் கழன்று போகாது. வேதாகம உரையாசிரியர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொல்வதுண்டு. சாக்கடல் பக்கத்து உப்பு ஜிப்சமும் களிமண்ணும் கலந்தது. ஈரம் பட்டால் உப்பு மட்டும் கரைந்தோடி, பார்க்க வெள்ளையாக, வாயில் வைத்தால் சப்பென்று ஒரு பொடி மிஞ்சுமாம். இந்த விளக்கம் மரக்காணத்தில் உடனே புரியும். வேறு ஊரில் பத்து நிமிடம் விளக்க வேண்டியிருக்கும். ஆனால் இதைச் சொல்ல அவர் கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்திருக்க வேண்டும்.

அதைவிட நல்ல யோசனை ஒன்று உண்டு. உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதை, இருபது வருடமாக உப்பு வாருகிற குழு உறுப்பினர் ஒருவரே முதல் பத்து நிமிடம் பேசட்டும். பேச்சாளர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கேட்கட்டும். நல்ல பேச்சாளர் என்றால் அதைச் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார். “என் நேரம் குறையுமே” என்று தயங்கினால், அந்தத் தயக்கமே ஒரு தகவல்.

கேட்பவர்களின் வாழ்க்கையிலிருந்து பேச்சை எடுப்பது தமிழ்க் கிறிஸ்தவத்துக்குப் புதிதல்ல. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. ஜெபங்களை மற்றவர்கள் உதவியோடு தமிழில் மாற்றி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டியபடி தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இன்னும் ஒரு படி மேலே போனார். குறவஞ்சி, நொண்டி நாடகம், ஏற்றம் இறைப்பவன் பாடும் பாட்டு என்று மக்கள் கையிலிருந்த வடிவங்களை எடுத்துக்கொண்டு அவற்றுக்குள் தன் செய்தியை வைத்தார். கிணற்றடியில் வேலை செய்கிறவனுக்கு அவன் பாட்டிலேயே சொன்னதால்தான் இருநூறு வருடம் கழித்தும் அவர் பெயர் நிற்கிறது. இன்றைய ஊக்கப் பேச்சாளர்களில் பலர் அமெரிக்கப் புத்தகத்தில் வந்த கழுகுக் கதையையும் கொதிக்கிற நீரில் போட்ட தவளைக் கதையையும் அனுமந்தைக்கும் அப்படியே எடுத்து வருகிறார்கள். தவளைக் கதை உண்மையும் இல்லை. சூடு ஏற ஏற தவளை குதித்து வெளியே வந்துவிடும்.

அடுத்தது, யாரும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி. இது ஊக்கப் பேச்சா, ஜெபக்கூட்டமா?

இரண்டிலும் தப்பில்லை. ஆனால் நோட்டீஸில் ஒன்றைப் போட்டு உள்ளே இன்னொன்றை நடத்துவது தப்பு. “வாழ்வில் வெற்றி பெற” என்று அச்சடித்துக் கூப்பிட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து, “இப்போது எல்லோரும் கண்ணை மூடி என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்” என்றால், அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற பத்துப் பேரும் என்ன செய்வார்கள்? எழுந்து போனால் பக்கத்து வீட்டுக்காரிக்கு வருத்தம். உட்கார்ந்திருந்தால் வீட்டில் பதில் சொல்ல வேண்டும். வாரா வாரம் ஒரே பாயில் உட்கார்ந்து சந்தாக் கட்டுகிற பெண்கள். ஒரு மாலைப் பொழுது அந்தப் பாயைக் கிழித்துவிட்டால் தைப்பது கஷ்டம். அந்த மாலைக்கான செலவு குழுவின் சேமிப்பிலிருந்து போயிருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் பணம் எல்லோருடையது. மதக் கூட்டமாக நடத்துவதென்றால் விரும்புகிறவர்கள் தனியாகக் காசு போட்டு நடத்திக்கொள்வதுதான் நியாயம்.

இந்தக் கேள்விக்கு நூறு வருடம் முன்பே ஒருவர் வழி காட்டியிருக்கிறார். ஸ்டான்லி ஜோன்ஸ், 1907-ல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி. கேரளத்தில் பம்பை ஆற்று மணலில் ஆண்டுதோறும் கூடும் மாராமண் கன்வென்ஷனில் பல வருடம் பேசியவர். கிறிஸ்தவர் அல்லாதவர்களிடம் பேசும்போது சர்ச்சுக்குள் கூப்பிடாமல் பொது மண்டபத்தில் கூட்டம் போடுவார். தலைமை தாங்க ஊரின் மதிப்புக்குரிய இந்துப் பெரியவர் ஒருவரைக் கேட்டுக்கொள்வார். யாருடைய மதத்தையும் தாக்கிப் பேசுவதில்லை என்பதை விதியாகவே வைத்திருந்தார். பேசி முடித்ததும் கேள்விகளுக்கு நேரம் கொடுப்பார், எவ்வளவு கூர்மையான கேள்வியானாலும். தான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்பதை மறைக்கவும் இல்லை. 1925-ல் வந்த அவருடைய புத்தகம் உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. அவரை அழைத்தவர்களுக்கு, எதற்கு அழைக்கிறோம் என்ற குழப்பம் இருந்திருக்காது.

வெளிநாட்டுப் பேச்சாளர் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவர் மத நிகழ்ச்சியில் உட்கார்ந்து கேட்கலாம். மேடையேறிப் பிரசங்கம் செய்ய விதி இடம் தராது. “வெள்ளைக்காரர் வந்தா கூட்டம் கூடும்” என்று ஆசைப்பட்டுக் கூப்பிட்டால், பிறகு காவல் நிலையத்துக்கு நடப்பது அழைத்தவர்கள்தான். கூடவே, மொழிபெயர்ப்பவர் யார் என்பதும் முக்கியம். ஆங்கிலப் பேச்சில் பாதி உயிர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்கிறவர் கையில் இருக்கிறது.

இனி, பேச்சாளர் போனில் கிடைத்ததும் என்ன நடக்கும்?

“பிரதர், மரக்காணம் பக்கத்துல அனுமந்தையிலேர்ந்து பேசறேன். எங்க குழு ஆண்டு விழாவுக்கு நீங்க வரணும்.”

“ஸ்தோத்திரம் சிஸ்டர். எத்தனை பேர் வருவாங்க? சவுண்டு சிஸ்டம் நல்லா இருக்குமா? எல்இடி ஸ்கிரீன் வச்சிருக்கீங்களா?”

இப்படி ஒருவர். இன்னொருவர் இப்படிக் கேட்கலாம்:

“வர்றவங்க என்ன வேலை செய்றாங்க சிஸ்டர்? எல்லாரும் சர்ச்சுக்குப் போறவங்களா? சமீபத்துல ஊர்ல ஏதாவது துக்கம் நடந்திருக்கா? நான் பேசக் கூடாததுன்னு ஏதாவது இருக்கா?”

இரண்டாமவருக்கு யூடியூபில் பார்வையாளர் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். இருந்தாலும் அவரைக் கூப்பிடுங்கள்.

ஏனென்றால் இந்தக் கரையில் பேசக் கூடாதவை நிறைய உண்டு, குறைந்தபட்சம் தெரியாமல் பேசக் கூடாதவை. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஊக்கப் பேச்சில் குடிகாரக் கணவன் ஜோக் என்பது சாம்பாரில் பெருங்காயம் மாதிரி, இல்லாமல் இருக்காது. தள்ளாடி நடந்து காட்டுவார்கள், குழறிப் பேசிக் காட்டுவார்கள். அந்த ஜோக்குக்கு இங்கே சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண் யாரென்று பேச்சாளருக்குத் தெரியாது. கூப்பிட்டவர்களுக்குத் தெரியும். முன்கூட்டியே சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.

இன்னொரு கதையும் இருக்கிறது. பாறைமேல் வீடு கட்டிய புத்திசாலி, மணல்மேல் வீடு கட்டிய முட்டாள். இயேசு சொன்ன உவமை, பிரசங்கிகளுக்கு மிகவும் பிடித்தது. குப்பத்தில் எல்லோர் வீடும் மணல்மேல்தான். 2004 டிசம்பர் 26 காலை அலை வந்தபோது யாருக்கு விசுவாசம் அதிகம் என்று பார்த்து வரவில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் அப்படித்தான். மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இந்த உவமையை இங்கே சொல்லவே கூடாது என்பதில்லை. ஆனால் “நீ மணல்மேல் கட்டினாய், அதனால் விழுந்தது” என்ற தொனி வந்தால், அது ஆறுதல் சொல்ல வந்த வாயிலிருந்து வரும் குற்றச்சாட்டு.

“விசுவாசம் இருந்தால் பணம் தானாக வரும்” என்கிற வகைப் பேச்சும் இதே ரகம். பணம் வராதவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்பதுதானே அதன் மறுபக்கம்? மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடக்கும்போது வேலை இல்லாமல் இருப்பதற்குக் காரணம் வடகிழக்குப் பருவமழை. தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியதும் அதனால்தான்.

மேடையில் சுகமளிக்கும் நிகழ்ச்சி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். நோயாளிக்காக ஜெபிப்பது அவரவர் நம்பிக்கை. சர்க்கரை மாத்திரையையோ காசநோய் மருந்தையோ நிறுத்தச் சொன்னால் அது உயிரோடு விளையாட்டு. காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறித் திரும்பலாம். அற்புதத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. நோட்டீஸ் அச்சடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

பணம். இதைப் பேசச் சங்கடப்படுகிறவர்கள்தான் பிறகு அதிகம் சங்கடப்படுகிறார்கள். கிறிஸ்தவப் பேச்சாளர்களில் சிலர் கட்டணம் இவ்வளவு என்று நேராகச் சொல்வார்கள். சிலர், “கர்த்தர் ஏவுகிறபடி கொடுங்கள்” என்பார்கள். இரண்டாவது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் கவரில் எவ்வளவு வைப்பது என்று தெரியாமல் முந்தைய ராத்திரி குழுத் தலைவிக்குத் தூக்கம் வராது. “எங்களால் இவ்வளவுதான் முடியும், போக வர வண்டிச் செலவு தனி, ராத்திரி தங்குவதானால் இந்த இடம்” என்று முதல் போனிலேயே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நிம்மதி. அதை வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பிவிட வேண்டும். கூடவே மூன்று கேள்விகள்: கூட்டத்தில் தனியாகக் காணிக்கை எடுப்பீர்களா? புத்தகம், எண்ணெய் பாட்டில் விற்பீர்களா? வந்தவர்களின் போன் நம்பரை வாங்குவீர்களா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தோன்றும். நம்பர் கொடுத்த பிறகு மாதா மாதம் நன்கொடை கேட்டு வரும் மெசேஜும் க்யூஆர் கோடும் தினக்கூலி வாங்குகிற பெண்ணின் போனுக்குத்தான் வரும்.

வீடியோவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்று சொன்னால் இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். பார்க்கலாம், ஆனால் வெட்டி ஒட்டிய மூன்று நிமிடத்தை அல்ல. ஒரு மணி நேரப் பேச்சு முழுவதையும் கேளுங்கள். நாற்பதாவது நிமிடத்தில் என்ன சொல்கிறார் என்பதில்தான் ஆள் தெரிவார். ஆறு மாதம் முன்பு அவர் பேசிய ஊரில் யாரையாவது கூப்பிட்டு, “என்ன பேசினார்னு ஞாபகம் இருக்கா?” என்று கேளுங்கள். “நல்லா பேசினாருங்க” என்று மட்டும் வந்தால் கொஞ்சம் யோசிக்கலாம்.

நிக் வுயிச்சிச் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். 1982-ல் மெல்பர்னில் கையும் காலும் இல்லாமல் பிறந்து, உலகம் சுற்றிப் பேசுகிறவர், கிறிஸ்தவர். அவர் மேடைக்கு வந்தாலே பாதி பேச்சு முடிந்துவிடுகிறது. அப்படி ஒரு வாழ்க்கை எல்லாப் பேச்சாளருக்கும் வாய்க்காது, வாய்க்கவும் வேண்டியதில்லை. தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைப் பெரிதாக்காமல் சொல்கிற பள்ளிக்கூட ஆசிரியையோ, பக்கத்து ஊர் நர்ஸோ, குடியிலிருந்து மீண்ட ஒரு மீனவரோ போதும். சென்னையிலிருந்து பெரிய பேச்சாளரைக் கூப்பிட முடியவில்லையே என்று வருத்தப்படும் குழுக்கள், திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பதே இல்லை.

எப்போது வைப்பது? சர்ச்சுகளில் வெளிப் பேச்சாளர்களை அழைக்கும் வழக்கமான காலம் தவக்காலம், அதாவது பிப்ரவரி, மார்ச் வாக்கில் தொடங்கி ஈஸ்டர் வரை. உப்பளத்தில் அது வேலை சூடு பிடிக்கிற காலம். மழைக்காலத்தில் ஆட்களுக்கு நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது, பந்தலும் நிற்காது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆனால் அது விசைப்படகுகளுக்கு. நாட்டுப்படகுக்காரர்கள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். ஆக எல்லோருக்கும் தோதான நாள் என்று ஒன்று கிடைப்பது கஷ்டம். பொங்கல் முடிந்து, பாத்தி செப்பனிடும் வேலை முழு வேகம் எடுப்பதற்கு முந்தைய ஒரு ஞாயிறு மாலை ஓரளவு சரிப்படும். அதையும் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாமல் பெண்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அதை வைக்கச் சட்டம் விடாது. அனுமந்தையில் பத்து மணிவரை இழுக்கவும் வேண்டாம். ஆறரைக்கு ஆரம்பித்து, உப்பு வாருகிற அக்கா பத்து நிமிடம், பேச்சாளர் நாற்பது நிமிடம், கேள்விக்கு அரை மணி நேரம், சுண்டலும் டீயும். எட்டரைக்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். மூன்று மணிக்கு அலாரம் அடிக்கும்.